பல் படாத வாத்து

அத்தியாயம் 9

“மன்னிப்புக் கேக்கறதுல என்னக்கா இருக்கு? எங்க வீட்ல நான் தினமும் கேக்கறேன்” என்றான் புகைப்படக்காரன் தாடி, வண்டியின் கியரோடு மல்லுக்கட்டிக்கொண்டே.

“என்ன தப்பு செஞ்சோம்னு தெரிஞ்சு கேப்பியா?”

“அதைத் தெரிஞ்சுக்கப் போனா இன்னொரு மன்னிப்பு கேக்க வேண்டி வரும்.”

சல்லடைக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற நாளாக இருந்தால் வந்திருக்கும்.

சல்லடை என்பது பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பட்டம். எதைக் கொடுத்தாலும் சலித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள். வேலைக்குச் சேர்ந்தது என்னவோ மகளிர் பக்கத்தில், முடி உதிர்வுக்கு யோசனை எழுதத்தான். முடி உதிரும் பெண்களிடம் பேசப் போனவள், சாயப்பட்டறையில் கையுறையும் முகமூடியும் ஆண்களுக்கு மட்டும்தான் தருகிறார்கள் என்று முழுப்பக்கம் எழுதிக்கொண்டு வந்து நின்றாள். ஆசிரியருக்கு அன்றிலிருந்துதான் முடி உதிர ஆரம்பித்தது என்பார்கள். அதன்பிறகு ஒரே வேலைக்கு இரண்டு கூலி, ஆண்களுக்கு மட்டும் பதவி உயர்வு, பெண்களுக்கு இரண்டு மாடி தள்ளிக் கழிப்பறை என்று அவள் தோண்டாத இடமில்லை. ஊரில் பாதி முதலாளிகள் அவளைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள்.

இப்போது தோண்டிய இடத்தில்தான் கால் மாட்டிக்கொண்டது.

போன வாரம் வந்த செய்தி அது. சட்டை தைக்கும் ஒரு பெரிய ஆலையில் ‘குழந்தைகள் காப்பகம்’ என்று பலகை மாட்டிய அறைக்குள் அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். குழந்தை பெற்ற பெண்கள் வேறு வழியில்லாமல் வேலையை விட்டுப் போகிறார்கள். இதைச் சொன்னவள் அங்கே காஜா எடுக்கும் மெஷினில் இருந்தவள். பட்டனுக்குத் துளை போட்டுத் துளை போட்டுக் ‘காஜா அக்கா’ என்றே பேராகிவிட்டது. ஆலை உடனே மறுத்தது. வக்கீல் நோட்டீஸ் விட்டது. பொய் பரப்பினாள் என்று காஜா அக்காவை வேலையை விட்டு நீக்கியது. ஆமாம் ஆமாம் என்று சொன்ன மற்ற பெண்கள் இப்போது போனையே எடுப்பதில்லை.

“சாயங்காலத்துக்குள்ள கண்ணால பாக்கற மாதிரி ஒரு ஆதாரம் கொண்டு வா. இல்லன்னா நாளைக்கு முதல் பக்கத்துல மன்னிப்பு” என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். மன்னிப்பை அச்சுக்கோத்தும் வைத்தாகிவிட்டது. சல்லடைக்கு அதில் போவது மானம் மட்டும்தான். திரும்பவும் முடி உதிர்வுக்கு யோசனை எழுதிப் பிழைத்துக்கொள்வாள். காஜா அக்காவுக்கு அப்படியில்லை. பொய்க்காரி என்று பத்திரிகையே ஒத்துக்கொண்ட ஒருத்தியை எந்த ஆலை வாசலிலும் நிற்க விடமாட்டார்கள். அதை நினைத்துத்தான் சல்லடைக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஆலையின் பொது மேலாளர் வாசலுக்கே வந்து வரவேற்றார். மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத சிரிப்பு.

“வாங்க மேடம். எங்ககிட்ட ஒளிவு மறைவே கிடையாது. ஆம்பளை பொம்பளைன்னு பேதமும் கிடையாது.”

உள்ளே நீளமான தையல் கூடம். வரிசை வரிசையாக மெஷின்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் குனிந்த தலை. கூடத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடித் தடுப்பு போட்ட அறைகள், அவற்றுக்குள் அதிகாரிகள். வரிசைகளுக்கு நடுவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேற்பார்வையாளர்கள் உலாவினார்கள்.

“உக்காந்திருக்கிறது பூரா பெண்கள், நிக்கிறது பூரா ஆண்கள்” என்று தாடி கிசுகிசுத்தான். “சொகுசு இவங்களுக்குத்தான் போலக்கா.”

“அவங்க ஸ்டூலுக்கு முதுகுச் சாய்ப்பே இல்ல, பாரு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாற்காலி எல்லாம் சுத்துது.”

கூடத்தின் கோடியில் அந்தப் பலகை. இன்றைக்குப் பூட்டு இல்லை. கதவைத் திறந்ததும் ஏழெட்டுக் குழந்தைகள், புதுச் சீருடையில் ஓர் ஆயா, சுவரெல்லாம் யானையும் முயலும். அட்டைப்பெட்டி மருந்துக்கும் இல்லை. சல்லடை பதிவுக் கருவியை வெளியே எடுத்தாள்.

“நீங்க பேசறதைப் பதிவு பண்ணிக்கலாமா சார்?”

“தாராளமா.”

“இந்தக் குழந்தைங்க எல்லாம் யாரோடது?”

“தையல் கூடத்துப் பெண்களோடது. அவங்களுக்கு மட்டும்தான் இந்த இடம். காலைல கொண்டு வந்து விடலாம், சாயங்காலம் கூட்டிட்டுப் போகலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. ஆபீசர் வீட்டுக் குழந்தைங்களுக்கு அனுமதியே கிடையாது. என் பையனையே நான் உள்ள விட்டதில்ல மேடம், வீட்லதான் இருக்கான். விதின்னா எல்லாருக்கும் விதி.”

நல்ல மனிதர். கேட்டதற்கு மேலேயே சொன்னார்.

தாடி சுவரில் சாய்ந்து நின்றவன், முழங்கையைப் பார்த்துவிட்டு அவளுக்குக் காட்டினான். யானையின் பாதிக் காது அவன் சட்டைக்கு வந்திருந்தது.

“பெயிண்ட் காயலையே சார்” என்றாள் சல்லடை.

“வருஷா வருஷம் அடிப்போம்.”

அவள் குனிந்து ஒரு மஞ்சள் ரப்பர் வாத்தை எடுத்தாள். மூக்கு, வால், தலை என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்து ஒரு ரயில் வண்டி. அடுத்து ஒரு கிலுகிலுப்பை.

“என்னக்கா தேடறீங்க?”

“பல் தடம். குழந்தைங்க புழங்கற இடத்துல கடிபடாத பொம்மை ஒண்ணு காட்டு பாப்போம். இங்க எதுலயுமே இல்ல.”

“சுகாதாரம் மேடம்” என்றார் பொது மேலாளர். “அடிக்கடி புதுசு மாத்திடுவோம்.”

வாசலில் வரிசையாகக் குட்டி ஷூக்கள். நடந்தால் குதிகாலில் விளக்கு எரிகிற ரகம். ஒரு பையன் மட்டும் ஒற்றைக் கால் ஷூவைக் கழற்ற விடாமல் அடம்பிடித்து, அறைக்குள்ளேயே சிவப்பும் நீலமுமாக மின்னிக்கொண்டு திரிந்தான்.

“இந்த ஷூ எனக்குத் தெரியும்” என்றான் தாடி. “எங்க அக்கா பையன் இதைக் கேட்டு அழுதான். விலையைக் கேட்டு நான் அழுதேன்.”

“நிர்வாகத்தோட அன்பளிப்பு” என்றார் பொது மேலாளர், கண் சிமிட்டாமல்.

தாடி அவள் காதருகே வந்தான். “எந்தக் கேள்விக்கும் பதிலைத் தேச்சு மடிச்சுல்ல வெச்சிருக்கார்.”

சல்லடை சும்மா நின்றாள். அவள் சும்மா நின்றால் ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம். கதவுக்கு அந்தப் பக்கம் தையல் கூடம். இந்தக் குழந்தைகளின் அம்மாக்கள் அங்கே இருக்கிறார்கள் என்கிறார். தன் குழந்தையின் அழுகை எத்தனை சத்தத்துக்கு நடுவிலும் பெற்றவளுக்குக் கேட்டுவிடும். கேட்டால் தலை நிமிரும். நிமிர்கிற தலை இல்லையென்றால், அம்மாவும் இல்லை.

“தாடி, போய் அந்த ஷூக்காரப் பையனைப் பாத்து ஒரு தடவை சிரி.”

தாடியின் முகம் தொங்கிப்போனது. தங்கமான மனசு அவனுக்கு. ஆனால் அந்தத் தாடிக்கு நடுவிலிருந்து பற்கள் வெளியே வந்தால் எந்தக் குழந்தையும் தாங்காது. சொந்தக்காரர்கள் வீட்டுப் பிறந்தநாளுக்கெல்லாம் அவனை வாசலோடு நிறுத்திவிடுவார்கள்.

“வேணாம்க்கா. பாவம்.”

“ஒரே ஒரு தடவை.”

அவன் முட்டி போட்டு உட்கார்ந்து, சிரித்தான்.

பையன் ஒரு நொடி மூச்சை இழுத்துப் பிடித்தான். பிறகு கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி வீறிட்டான். அதைப் பார்த்து மற்ற குழந்தைகளும் ஆளுக்கொரு சுருதியில் சேர்ந்துகொண்டன. சல்லடை கையைக் கட்டிக்கொண்டு கதவருகே நின்று தையல் கூடத்தைப் பார்த்தாள். வரிசை வரிசையாகக் கண்ணை ஓட்டினாள். ஒரு தலை நிமிரவில்லை. ஒரு மெஷின் நிற்கவில்லை. எல்லாப் பெண்களும் குனிந்தது குனிந்தபடி தைத்துக்கொண்டிருந்தார்கள்.

தாடி பதறி எழுந்து, கேமராவை முகத்துக்குக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்துப் படபடவென்று அழுத்தினான்.

“அங்க என்ன எடுக்கற? இந்தப் பக்கம் எடு.”

“கை தானா போகுதுக்கா.”

அது அவனுடைய பழைய வியாதி. முன்பு கல்யாணங்களுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை பெண்ணுக்கு மோதிரம் போடும்போது ஊரே மோதிரத்தைப் பார்க்க, இவன் முன்வரிசையில் கொட்டாவி விட்ட மாமனாரை எடுத்துக்கொண்டிருப்பான். எல்லாரும் ஒரு பக்கம் பார்த்தால் அவன் கேமரா எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். அந்தத் தொழில் அவனுக்கு நிலைக்காததில் ஆச்சரியமில்லை.

சல்லடை பொது மேலாளரிடம் திரும்பினாள். “இத்தனை குழந்தை அழுது, ஒரு அம்மா கூடத் திரும்பிப் பாக்கலையே சார்.”

அவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனால் பதில் தயாராகத்தான் இருந்தது. “தைக்கும்போது தலை நிமிரக் கூடாதுன்னு விதி மேடம். ஊசி விரல்ல ஏறிடும். அவங்க நல்லதுக்குத்தான்.” கதவருகே இருந்த ஒரு பெண்ணை விரலால் அழைத்தார். “ஏம்மா, உன் குழந்தை உள்ளதானே இருக்கு?”

அந்தப் பெண் மேற்பார்வையாளரைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

“ஆமாங்க சார்.”

சல்லடையின் பதிவுக் கருவி அதையும் ஒழுங்காகப் பதிவு செய்துகொண்டது.

ஆலைக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் காஜா அக்கா காத்திருந்தாள். இடுப்பில் அவள் குழந்தை. அம்மாவின் பழைய அடையாள அட்டையின் பட்டையை அது புதிதாக முளைத்த இரண்டு பல்லால் கடித்துக்கொண்டிருந்தது.

“என்னாச்சு மேடம்?”

சல்லடை சொன்னாள். சொல்லச் சொல்லக் காஜா அக்காவின் முகம் சுருங்கியது. ஆனால் அவள் திட்டவில்லை, அழவில்லை.

“அந்தப் பொண்ணு மேல கோவிச்சுக்காதீங்க. அவளுக்குக் கல்யாணமே ஆகல” என்றாள்.

தாடி பின்னால் ஒதுங்கி நின்றான், தன் முகம் குழந்தைக்குத் தெரியாதபடி. குழந்தை விடவில்லை. எட்டி அவன் தாடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டது.

“அக்கா, இது அழல” என்றான் அவன், வலியில் கண் கலங்கியபடி. “என்னைப் பாத்து அழாத முதல் குழந்தை இதுதான்.”

போன் அடித்தது. ஆசிரியர்.

“என்ன கிடைச்சுது?”

“ஷிஃப்ட் விடற வரைக்கும் பொறுங்க சார். வேலை முடிஞ்சு எந்த அம்மா குழந்தையோட வெளிய வர்றாங்கன்னு வாசல்ல நின்னு பாத்துடறேன்.”

“அதுவரைக்கும்தான். அப்புறம் நான் பக்கத்தை அனுப்பிடுவேன்” என்று வைத்துவிட்டார்.

“அந்த வாசல்ல எல்லாரும் வெறுங்கையோடதான் வருவாங்க” என்றான் தாடி, தாடியை மீட்டுக்கொண்டு. “கேட்டா, குழந்தைங்க முன்னாடியே போயிடுச்சுன்னு அதுக்கும் ஒரு பதிலை மடிச்சு வெச்சிருப்பார்.” அலுப்போடு கேமராவை எடுத்து எடுத்த படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவன், ஒன்றில் நின்றான். முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

“அக்கா. நீங்க தப்பான பக்கம் பாத்திருக்கீங்க.”

படத்தின் நடுவில் சல்லடையே இருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, பெரிய துப்பறியும் நிபுணர் மாதிரி. அவளுக்குப் பக்கவாட்டில், கதவுக்கு வெளியே, கண்ணாடி அறைகள். அதற்குள் இருந்த அதிகாரிகள் அத்தனை பேரும் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்திருந்தார்கள். ஒருவர் கதவுப் பிடியில் கை வைத்திருந்தார். ஒருவர் தேநீரைச் சட்டையிலேயே கொட்டிக்கொண்டிருந்தார். எல்லார் கண்ணும் காப்பகத்தின் மேல். படத்தின் ஓரத்தில், சல்லடையின் முதுகுக்குப் பின்னால் பொது மேலாளர் குனிந்து, உதட்டில் விரலை வைத்து, அந்த ஷூக்காரப் பையனைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார். சத்தம் போடாதடா ராஜா என்று அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

சல்லடை படத்தைப் பார்த்தபடியே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

“குழந்தை அழுதா அம்மாதான் திரும்பணும்னு நானே முடிவு பண்ணிட்டேன் பாரு.”

“அப்பாக்களுக்கும் பொறுப்பு இருக்குன்னு வருஷக்கணக்கா நீங்கதான் எழுதறீங்க” என்றான் தாடி. “நான்தான் படிக்கிறேன் போல.”

வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன அவளுக்கு. காஜா அக்கா படத்தை எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இவங்க எல்லாருமா எந்திரிச்சாங்க? மெஷின்ல புடவை மாட்டி ஒருத்தி கத்தினப்பக்கூட இவங்க எந்திரிச்சதில்ல மேடம்.”

“ஆபீசருங்க எந்த வழியா வெளிய போவாங்க?”

“பின்னாடி கார் வாசல்.”

ஷிஃப்ட் முடிந்த சங்கு ஊதியபோது மூவரும் கார் வாசலில் நின்றார்கள். மூவரென்ன, தாடியின் சட்டைப் பட்டனைக் கடித்துக்கொண்டிருந்த குழந்தையோடு நால்வர். முதலில் கணக்குப் பிரிவு அதிகாரி வந்தார், தோளில் தூங்கும் பெண் குழந்தையோடு. அடுத்தவர் இரட்டையர்களை இரண்டு கையிலும் இடுக்கிக்கொண்டு வந்தார். கடைசியாகப் பொது மேலாளர். தோளில் ஒரு பையன். ஒற்றைக் கால் ஷூ சிவப்பும் நீலமுமாக மின்னியது.

தாடி வேறெதுவும் செய்யவில்லை. மரியாதைக்குச் சிரித்தான்.

“அப்பா, பூச்சாண்டி” என்று வீறிட்டு, பையன் பொது மேலாளரின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“பையன் வீட்லதான் இருக்கான்னு சொன்னீங்களே சார்” என்றாள் சல்லடை.

பொது மேலாளர் பையனை இன்னொரு தோளுக்கு மாற்றினார். மடிப்பெல்லாம் கலைந்துபோய், மகனின் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றார். பாவமாகத்தான் இருந்தது.

“முகம் வேணாம் தாடி. குழந்தை என்ன பண்ணும்? ஷூ மட்டும் போதும்” என்றாள் சல்லடை.

தாடி ஷூவை எடுத்தான்.

போனில் ஆசிரியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். மன்னிப்பைத் தூக்கிவிட்டு ஷூவைப் போடுவதாகச் சொன்னார். சல்லடை போனை வைத்துவிட்டுக் காஜா அக்காவைப் பார்த்தாள். அவள் முகத்தில் பாதிதான் தெளிந்திருந்தது.

“என்ன யோசனை?”

“செய்தி வந்ததும் அவமானத்துல அந்த வாத்து, ரயிலு எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடுவாங்க மேடம். பெட்டி திரும்ப வந்துடும். எங்களுக்கு என்ன மிஞ்சும்?”

சல்லடை மறுபடியும் சும்மா நின்றாள். பிறகு ஆசிரியரைத் திரும்ப அழைத்தாள்.

“சார், ஜி.எம். சொன்னதை ஒரு எழுத்து விடாம கட்டம் கட்டிப் போடுங்க. தையல் கூடத்துப் பெண்களுக்கு மட்டும், காலைல கொண்டு வந்து விடலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. எல்லாம் அவர் வார்த்தை.”

“அது அவருக்குச் சாதகமா இருக்காதா?”

“இருக்கட்டும் சார். இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க.”

மறுநாள் காலை ஆலை வாசலில் காவலாளிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வேலைக்கு வந்த பெண்களில் பாதிப் பேரின் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. எல்லாருக்கும் முன்னால் காஜா அக்கா, ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பத்திரிகை. கட்டம் கட்டிய பகுதியைக் காவலாளிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பொது மேலாளர் வேகமாக வந்தார். “உன்னைத்தான் நீக்கியாச்சே. பொய் சொன்னதுக்கு.”

“எந்தப் பொய்னு சொல்லுங்க சார்” என்றாள் சல்லடை, பதிவுக் கருவியை நீட்டி. “நாளைக்கு முதல் பக்கத்துல போட்டுடறேன்.”

அவர் கருவியைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். தாடியைப் பார்த்தார், அவன் சிரிக்க ஆயத்தமானதையும் பார்த்தார்.

“கதவைத் திற” என்றார் காவலாளியிடம். “அவளையும் விடு.”

காப்பகத்தில் இறக்கிவிட்டதும் காஜா அக்காவின் குழந்தை தவழ்ந்து போய் அந்த மஞ்சள் வாத்தை எடுத்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தது. தலையை வாய்க்குள் விட்டு ஒரே கடி.

வாத்தின் உச்சந்தலையில் இரண்டு குட்டிப் பள்ளங்கள் விழுந்தன. காஜா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் மெஷினுக்குப் போனாள்.

“எடுத்தியா?” என்றாள் சல்லடை.

“எடுத்தேன்” என்றான் தாடி.

வண்டியில் ஏறியதும் கேமராவை வாங்கிப் பார்த்தாள். குழந்தை இல்லை, வாத்து இல்லை. படம் முழுக்க அவள்தான், கதவைப் பிடித்துக்கொண்டு, மூக்குச் சிவக்க அழுதுகொண்டிருந்தாள்.

“இதை அழிச்சுடு” என்றாள்.

“மன்னிச்சுக்குங்கக்கா” என்றான் தாடி, கியரை மாற்றிக்கொண்டே. அழிக்கவில்லை.